வாசகர் கேள்வி–பதில்: மாநகராட்சிப் பள்ளிக்குக் கல்லூரி வரும்போது

மும்பையின் தமிழ்ப் பள்ளிகளோடு கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து அறிவியல் சொல்லிக்கொடுப்பது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். சோதனைக்கூடம் என்று சொல்ல ஒரே ஒரு அலமாரிதான் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரிகள் உதவுமா? யாரிடம், எப்படிக் கேட்பது?
— ஆசிரியை, தாராவி

தாராளமாகக் கேளுங்கள், டீச்சர். உங்களுக்கு வாய்த்த அக்கம்பக்கம் வேறு பேட்டைக்கு வாய்க்காது. சயானில் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி. மாட்டுங்கா பக்கம் ரூயா, ரூபாரெல், கால்சா கல்லூரிகள், வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி, 1933இல் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம். எல்லாமே பஸ் தூரம்தான். மான்கூர்டில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 1974இல் இருந்து பள்ளி அறிவியலே அதன் வேலை.

கடிதத்தில் ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடம், எந்த மாதம், எத்தனை பீரியட் என்று எழுதுங்கள். வகுப்பறையில் பிளக் பாயின்ட், தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, பெஞ்சு நகருமா என்பதையும் சேருங்கள். ‘ஏழாம் வகுப்பு, 40 பேர், மின்சாரப் பாடம், ஆகஸ்டில் மூன்று புதன்கிழமை, தலா இரண்டு பீரியட்’ என்று வந்த கடிதத்தை ஒரு பேராசிரியரால் தன் நாட்காட்டியில் வைத்துப் பார்க்க முடியும். கல்லூரி முதல்வருக்கு ஒரு பிரதி போகட்டும். ஆனால் கடிதம் துறைத் தலைவர் பெயருக்கும் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்ட) அதிகாரிக்கும் போக வேண்டும். என்.எஸ்.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவையை முடித்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு நல்ல வேலை தேடி அவர்களும் அலைகிறார்கள்.

ஆய்வு நிறுவனத்துக்கு எழுதினால், அறிவியலாளர்களின் சமூகப் பொறுப்பு குறித்து மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் குறிப்பிடுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் உழைப்பை இப்படிப்பட்ட வேலைக்குத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள் பள்ளிகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்ற ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான் திட்டமும் இருக்கிறது. அதை 2015 ஜூலை 9 அன்று தொடங்கிவைத்தவர் நம் அப்துல் கலாம். தலைமையாசிரியர், பீட் ஆபீசர் (சில பள்ளிகளை மேற்பார்க்கும் கல்வி அதிகாரி), வார்டு நிர்வாக அதிகாரி என்று அனுமதி படிப்படியாக நகரும். ஏப்ரலிலேயே மனு கொடுத்தால்தான் ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்போது தாள் கையில் இருக்கும்.

எங்கள் துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் 30 பேர் இருக்கிறார்கள். பெரிய அளவில் ஒருநாள் அறிவியல் கண்காட்சி வைத்தால் நிறையப் பிள்ளைகளைச் சென்றடையலாம் என்கிறார்கள். வாரா வாரம் வகுப்புக்குப் போவது நல்லதா?
— இயற்பியல் பேராசிரியர், சயான்

வகுப்புக்குப் போங்கள். கண்காட்சியில் ஒரு பிள்ளை ஒரு மேசை முன் நிற்பது இரண்டு நிமிடம். அவன் கை எதையும் தொடாது. மறுநாள் பாடம் எடுக்கப் போகும் டீச்சருக்கும் அதனால் எதுவும் மிஞ்சாது.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அதை ஆரம்பித்தன. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் நம் கொலாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் போனார்கள். அவர்கள் முதலில் உட்கார்ந்தது ஆசிரியர்களோடு. பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் தங்கள் கையால் செய்து, தவறி, மறுபடி செய்தார்கள். அதற்குப் பிறகே வகுப்பு. பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனை நண்பருக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார்கள், பதிலும் போனது. 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது. 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை 30 ஆண்டு ஓடியது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக் பிரான்ஸில் 1996இல் தொடங்கிய பள்ளி அறிவியல் திட்டத்திலும் இதே முறைதான். கல்லூரி மாணவர் வகுப்புக்குத் துணையாகப் போவார், பாடம் எடுப்பவர் ஆசிரியரே. உங்கள் மாணவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். நன்றாகப் பேசத் தெரிந்த மாணவர்தான் பெரும்பாலும் வகுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்வார்.

30 பேரும் ஒரே பள்ளிக்குக் கூட்டமாகப் போக வேண்டாம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பை நான்கு நான்கு பேராகப் பத்துக் குழுவாகப் பிரியுங்கள். இரண்டு குழுவுக்கு ஒரு மாணவர் என்றால் ஐந்து பேர், வர முடியாதவருக்கு மாற்றாக இரண்டு பேர். இப்படி நான்கு வகுப்புகளைக் கவனிக்கலாம். மிச்சமிருக்கும் இருவர் பொருட்பெட்டிக்குப் பொறுப்பு. அந்த இருவர் இல்லாத குழுக்களில் மூன்றாம் வாரமே செல் தீர்ந்திருக்கும், கத்தரிக்கோல் காணாமல் போயிருக்கும்.

ஆண்டுக்கு 12 முறை போனால் போதும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆறு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு. இடையில் பள்ளித் தேர்வு, தீபாவளி விடுமுறை, உங்கள் செமஸ்டர் தேர்வு எல்லாம் வந்துவிடும். அந்த மாதங்களில் தேதி கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் பள்ளியின் நம்பிக்கையை முதலில் உடைக்கிறது. சேர்ந்தாற்போல இரண்டு பீரியட், சுமார் 70 நிமிடம் கேட்டு வாங்குங்கள். கேள்வி போட்டுப் பேச 10 நிமிடம், செய்ய 35, வரைந்து எழுத 15, எடுத்துவைக்க 10. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டால் அடுத்த பீரியட் ஆசிரியர் வாசலில் நிற்பார்.

ஒத்திகையைக் கல்லூரி ஆய்வகத்தில் வைக்காமல் பள்ளி வகுப்பறையிலேயே, டீச்சரோடு வையுங்கள். மின்விசிறி ஓடினால் மெழுகுவத்தி நிற்காது, விசிறியை நிறுத்தினால் புழுக்கத்தில் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள் என்பதெல்லாம் அங்கே போனால்தான் தெரியும்.

பேட்டரி, காந்தம், கம்பிச் சுருள் வைத்துச் சின்ன மோட்டார் செய்யச் சொல்லிக் கல்லூரிப் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்தில் இரண்டுதான் சுற்றுகிறது. என்ன தவறு?
— ஆசிரியர், ஆன்டாப் ஹில்

அநேகமாகக் கம்பியைச் சுரண்டியதில்தான் தவறு.

முதலில் பொருட்கள். ஒரு குழுவுக்குப் பெரிய டார்ச் செல் ஒன்று, ஊக்கு இரண்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஃபெரைட் காந்தம் ஒன்று, எனாமல் பூசிய 26 கேஜ் செப்புக் கம்பி, சைக்கிள் டியூபில் வெட்டிய அகலமான ரப்பர் வளையம் ஒன்று, 150ஆம் நம்பர் உப்புத்தாள் ஒரு துண்டு. கம்பியை மெலிந்த பென்டார்ச் செல்லின் மேல் 15 சுற்றுச் சுற்றி, இரு முனையிலும் 5 சென்டிமீட்டர் விட்டால் ஒரு சுருளுக்கு 80 சென்டிமீட்டருக்குள் அடங்கும். கெட்டுப்போவதற்கும் சேர்த்து 20 சுருள் என்றால் 16 மீட்டர். கடையில் கம்பியை எடை போட்டுத்தான் தருவார்கள். 50 கிராம் கேளுங்கள், 30 மீட்டருக்கு மேல் இருக்கும். தென் மும்பையின் லோஹார் சால் கடைத்தெருவில் கிடைக்கும். காந்தத்துக்கு உங்கள் பேட்டைப் பழைய சாமான் கடையே போதும்.

இப்போது சுரண்டல். எனாமலும் செம்பின் நிறத்திலேயே இருப்பதால் கம்பி வெறும் கம்பி போலவே தெரியும். பிள்ளைகள் அப்படியே மாட்டிவிடுவார்கள், மின்சாரம் உள்ளே போகாது. இன்னொரு பக்கம், கவனமுள்ள பிள்ளை இரண்டு முனையையும் பளபளவென்று முழுக்கச் சுரண்டி வைத்திருப்பான். அதுவும் சுற்றாது, முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றுவிடும். ஒரு முனையை முழுவதும் சுரண்ட வேண்டும், மறு முனையில் பாதிச் சுற்றளவை மட்டும் சுரண்ட வேண்டும். சுருளைச் செங்குத்தாக நிறுத்தி, அந்த முனையை மேசை விளிம்பில் படுக்கவைத்து, மேல் பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். கம்பியைத் திருப்பவே கூடாது.

காரணம் இதுதான். சுருள் அரைச் சுற்று திரும்பியதும் காந்தம் அதை எதிர்த்திசையில் தள்ளத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில் எனாமல் உள்ள பாதி ஊக்கைத் தொட்டால் மின்னோட்டம் நின்றுவிடும். சுருள் தன் வேகத்திலேயே மீதி அரைச் சுற்றைக் கடந்துவிடும். பெரிய மோட்டாரில் கம்யூட்டேட்டர் (அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றும் பாகம்) செய்யும் வேலையின் ஒரு பாதியை இந்த ஒரு பக்க எனாமல் செய்கிறது. சுற்றாத சுருளையும் சுற்றும் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘என்ன வித்தியாசம்?’ என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பாடத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

சுரண்டியது சரியாக இருந்தும் ஓடாவிட்டால், இரு முனையும் சுருளின் நடுவழியே ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கமே கீழே தொங்கும். காந்தம் அரை சென்டிமீட்டர் அருகில் இருக்க வேண்டும், அதன் தட்டையான முகம் சுருளைப் பார்த்திருக்க வேண்டும். ஊக்கு செல்லின் முனையில் அழுந்தியிருக்க வேண்டும். மெல்லிய ரப்பர் பேண்டு இதற்குப் போதாது. எல்லாம் ஆனபின் விரலால் ஒரு சுண்டு கொடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. அந்தச் சுருளின் மின்தடை 0.1 ஓமுக்கும் குறைவு, கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள், செல் சுடும். மொபைல் பேட்டரி, பவர் பேங்க் எதையும் இதில் இணைக்கவே கூடாது.

கல்லூரிக் குழுவோடு தமிழ்ப் பள்ளிக்குப் போகிறேன். வீட்டில் தமிழ்தான், ஆனால் அறிவியல் முழுவதும் ஆங்கிலத்தில் படித்தவள். பிள்ளைகள் பாதி இந்தியில் பேசுகிறார்கள். எந்த மொழியில் நடத்துவது?
— பி.எஸ்ஸி. மாணவி, முலுண்ட்

நல்ல கேள்வி, தங்கச்சி. பேச்சு எந்த மொழியில் வேண்டுமானாலும் போகட்டும். கலைச்சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். இந்த ஊரில் ஒரே சொல் இரண்டு பொருளில் காதில் விழுகிறது.

தமிழ்ப் பாடநூலில் ‘வேகம்’ என்றால் ஸ்பீடு. வெலாசிட்டிக்குத் ‘திசைவேகம்’. மராத்தியிலும் இந்தியிலும் ஸ்பீடுக்குச் ‘சால்’ என்பார்கள், ‘வேக்’ என்றால் வெலாசிட்டி. உங்கள் குழுவின் மராத்தி மாணவர் ‘வேக்’ என்று சொல்ல, தமிழ்ப் பிள்ளை ‘வேகம்’ என்று எழுதிக்கொள்ளும். இருவர் சொன்னதும் அவரவர் மொழியில் சரி, நோட்டில் ஏறியது தவறு. ‘சக்தி’யும் அப்படித்தான். இந்திப் புத்தகத்தில் ‘சக்தி’ பவருக்கும் ‘ஊர்ஜா’ எனர்ஜிக்கும் நிற்கின்றன. தமிழில் பவருக்குத் ‘திறன்’, எனர்ஜிக்கு ‘ஆற்றல்’. ஆனால் நம் வீட்டுப் பேச்சில் சக்தி என்றால் எல்லாமும்தான்.

ஒவ்வொரு முறை போவதற்கு முன்பும் அன்றைய பாடத்தின் ஏழெட்டுச் சொற்களை எடுத்து, தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று நான்கு பத்தியில் ஒரு சார்ட் எழுதி டீச்சரிடம் சரிபாருங்கள். தமிழ்நாட்டு அரசின் தமிழ்வழி அறிவியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ்ச் சொல்லுக்கு அவை உதவும். சார்ட்டை வகுப்பின் தொடக்கத்தில் மாட்டாதீர்கள். பிள்ளைகள் செய்து பார்த்து, தங்கள் வாயால் விவரித்த பிறகு மாட்டுங்கள். ‘கரண்ட் போச்சு’ என்று ஒரு பிள்ளை சொன்னால் திருத்த அவசரப்பட வேண்டாம். வீட்டில் ‘கரண்ட்’ என்பது வீட்டுக்கு வரும் மின்சாரம் மொத்தத்துக்கும் பெயர். மின்னோட்டம் என்பது சுற்று முழுமையானால் மட்டும் ஓடுவது. இந்த வித்தியாசத்தைச் செல்லும் பல்பும் காட்டட்டும். சொல் அதன் பின்னால் வரட்டும்.

பலூனைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுக்கும் சோதனை ஜூலையில் ஒரு குழுவுக்கும் வரவில்லை.
— ஆசிரியை, செம்பூர்

மழைக்காலத்தில் வராது. மும்பையில் ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். பலூனின் மேல் படியும் ஈரப் படலம் வழியாக மின்னூட்டம் கசிந்துவிடும். நிலைமின்னியலை ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். மழைக்காலத்தில் மழையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரான பக்கமுள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறியுங்கள். அதற்கு மேல் ஸ்கேலால் மில்லிமீட்டர். சுவரை ஒட்டியோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ வைத்தால் அளவு கெடும். வானிலைத் துறையைப் போலத் தினமும் காலை 8.30க்கு அளந்து, மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கல்லூரிக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. ஐந்தாறு பள்ளிகளில் இதே அளவியை வைத்துக் கணக்கைச் சேர்க்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் 75 மில்லிமீட்டர்கூட இல்லை. 944 மில்லிமீட்டரை வகுப்புச் சுவரில் தரையிலிருந்து கோடு போட்டுக் காட்டுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இடுப்பைத் தாண்டும்.

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு கல்லூரி நான்கு மைக்ராஸ்கோப் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது. அப்புறம் யாரும் வரவில்லை. இப்போது பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது.
— தலைமையாசிரியர், மாநகராட்சிப் பள்ளி

மனம் கசக்கும்தான். மங்கலுக்குக் காரணம் லென்ஸில் பூஞ்சையாக இருக்கலாம். கண் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. மேலாக இருந்தால், லென்ஸ் துடைக்கும் தாளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தால் போகும். புடவைத் தலைப்பு, கைக்குட்டை வேண்டாம், கீறும். பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால் சரிசெய்ய முடியாது, அந்த லென்ஸை மாற்றத்தான் வேண்டும்.

இனி அவற்றை மர அலமாரியில் வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் 100 கிராம் துணிப்பையில் போட்டு, அதோடு வையுங்கள். நிறம் மாறினால் ஈரம் இழுத்துவிட்டது என்று பொருள், மெல்லிய சூட்டில் காயவைத்தால் மறுபடி உழைக்கும். ஆரஞ்சு நிற ஜெல்லாக வாங்குங்கள். நீல ஜெல்லில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நச்சு. எதுவானாலும் சமையல் பாத்திரத்தில் காயவைக்கக் கூடாது.

அடுத்த முறை எந்தக் கல்லூரி வந்தாலும் பொருளை வாங்கும் முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். குறைந்தது மூன்று ஆண்டு, ஆண்டுக்கு எத்தனை முறை, பழுதுக்கும் செல்லுக்கும் யார் காசு, பொருள் யாருடையது, எந்த ஆசிரியருக்குப் பயிற்சி. பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வெளியார் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது, வகுப்பில் பள்ளி ஆசிரியர் எப்போதும் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை, இரண்டு பக்கம் போதும்.

அடல் ஆய்வகத்துக்கு 20 லட்சம் தருகிறார்களாமே, அதற்குக் காத்திருக்கலாமா?
— பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர், தாராவி

பிள்ளைகள் கருவிகளோடு செய்துபார்க்கும் கூடத்தைப் பள்ளியில் அமைக்க மத்திய அரசு 2016இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தொகை அதுதான், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கும். விண்ணப்பியுங்கள். ஆனால் மோட்டாரும் மழை அளவியும் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எட்டாவது படிக்கும் என் மகளை எங்கே அழைத்துப் போகலாம்?
— தாய், மாட்டுங்கா லேபர் கேம்ப்

வொர்லி நேரு அறிவியல் மையத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி ஆய்வு நிறுவனங்கள் வாசலைத் திறந்துவைப்பது வழக்கம், ஜனவரியிலேயே விசாரித்துவிடுங்கள். ஹோமி பாபா மையத்தின் ‘விஞ்ஞான பிரதிபா’ பாடங்கள் எட்டு முதல் பத்து வரைக்கானவை, இணையத்தில் இலவசம். அவளுடைய டீச்சருக்கும் சொல்லுங்கள்.

ஓர் ஆண்டு முடிந்தது. பலன் இருந்ததா என்று எப்படி அளப்பது? பிள்ளைகள் ‘ரொம்பப் பிடித்தது’ என்றே எழுதுகிறார்கள்.
— கல்லூரி என்.எஸ்.எஸ். அதிகாரி, மாட்டுங்கா

பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது என்றுதான் எழுதுவார்கள், அது விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை. முதல் வகுப்புக்கு முன் ஒரு தாள் கொடுங்கள். ஒரு செல், ஒரு டார்ச் பல்ப், ஒரே ஒரு கம்பித் துண்டு. பல்பு எரியும்படி படம் வரையச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், வகுப்பு எண் மட்டும் போதும்.

செல்லின் ஒரு முனையிலிருந்து பல்பின் அடிக்குக் கம்பி போட்டு நிறுத்திவிடுவது ஒரு வகை. கம்பியின் இரு நுனியையும் செல்லின் ஒரே முனையில் சேர்ப்பது இன்னொரு வகை. பல்பின் அடிப்புள்ளி செல்லின் ஒரு முனையைத் தொட, கம்பி பல்பின் பக்கவாட்டு உலோகத்திலிருந்து செல்லின் மறுமுனைக்குப் போவதுதான் எரியும். மூன்று வகையையும் எண்ணி வையுங்கள். மின்சாரப் பாடம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் அதே தாளைக் கொடுத்து மறுபடி எண்ணுங்கள். பாடம் முடிந்த மறுநாளே கொடுத்தால் நினைவில் இருக்கும் படத்தைத்தான் வரைவார்கள்.

டீச்சருக்கும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் மாணவர்கள் வராத வாரங்களில் அவர் அந்தப் பெட்டியை எத்தனை முறை திறந்தார் என்று பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிய தாளில் தேதி போடச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் மூன்று நான்கு தேதி இருந்தாலே நல்ல தொடக்கம். ஒரு தேதியும் இல்லையென்றால் அடுத்த ஜூனில் பிள்ளைகளிடம் போவதற்கு முன் அவரோடு இரண்டு மாலை உட்காருங்கள். எந்தச் சோதனை அவர் கையில் வரவில்லையோ, அதை அவரே செய்யட்டும்.